மழையா, மயையா?

பாஷைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வகை வியாதி. தமிழ் உபாத்தியாயர்களை இது சுலபமாகப் பிடித்துக் கொள்கிறது. பிடித்து விட்டால் இலேசில் விடுவதில்லை. இலை போட்டுச் சோறு பரிமாறிக் கொண்டிருக்கும் போது, "சோற்றுக்குக் கிரேக்க பாஷையில் என்ன பெயர் தெரியுமா?" என்று கேட்கத் தோன்றும். கேட்கிறவனுக்கு ஆனந்தம், பரிமாறுகிறவர்களுக்குத்தான் அவஸ்தை. இருபது வருஷமாக இந்த வியாதியோடு குடித்தனம் செய்கிறவன் நான். அதன் காரணமாக ஒரு நாள் ஒரு சிறுவனுக்கு அநியாயம் செய்தேன். பிறகு அதே வியாதியால் என் பிழையைத் தெரிந்து கொண்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் வேலை பார்க்கும் திருக்கனூர், புதுச்சேரிப் பட்டணத்துக்கு மேற்கே இருக்கிறது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. எங்கள் பக்கத்து எல்லைக் கோடு மிகவும் வேடிக்கையானது. புதுச்சேரி மண்ணும் விழுப்புரம் ஜில்லாவும், இரண்டு கைகளின் விரல்களைக் கோத்துக் கொண்டாற் போல, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். சைக்கிளில் ஒரு நாழிகை போனால் எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்பதே மறந்து போகும். ஆனால் இரண்டு பக்கத்து வயல்களிலும் கேட்கும் பேச்சு ஒன்றேதான். வாழைப்பழத்தை "வாயப்பயம்" என்றும், கழனியை "கயனி" என்றும், மழையை "மயை" என்றும் சொல்லும் வடபுலத்துத் தமிழ் அது.

கிரேக்கத்தின் மேல் எனக்கு மோகம் உண்டானது கல்லூரி நாட்களில். அதற்கு எங்கள் மண்ணே காரணம். அரியாங்குப்பத்தாற்றின் கரையிலே அரிக்கமேடு இருக்கிறது அல்லவா? 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டிப் பார்த்தபோது மேல்நாட்டு மண்பாண்டங்களும் மதுச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த கடல் வழி நூலில் "பொதுகே" என்று ஒரு துறைமுகத்தின் பெயர் வருகிறது. அது இந்தப் புதுச்சேரிக் கரைதான் என்பது அறிஞர் பலருடைய அபிப்பிராயம். நம் ஊரின் பெயரைத் தன் நாவால் உச்சரித்த பாஷை என்றால் அதைக் கற்காமல் விடலாமா? எழுத்துக்களைக் கற்றேன்; பழைய இலக்கணப் புஸ்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து உருப் போட்டேன்.

கிரேக்கம் அழகான பாஷை, அதில் சந்தேகமில்லை. பழைய கிரேக்கத்தில் ஒருமை, பன்மை போதாதென்று, இரண்டே இரண்டு பேரைக் குறிக்க "இருமை" என்று தனி வடிவம் உண்டு. வினைச் சொல்லில் செய்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. "லூஓ" என்றால் நான் பிறரைக் குளிப்பாட்டுகிறேன். "லூஓமை" என்றால் நானே குளிக்கிறேன். நாம் "செய்து கொள்" என்று கொள்ளைக் கொண்டு வந்து சேர்ப்பதை அவர்கள் விகுதியிலேயே முடித்து விடுகிறார்கள். இதையெல்லாம் வகுப்பிலே சொல்லிச் சொல்லி, "பாஷை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!" என்று பெருமூச்சு விடுவது என் வழக்கமாய்ப் போயிற்று.

நிற்க. சில வருஷங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாதத்துக் காலை. முதல் மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகி விட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிறைக்க வந்து வாசற்படியில் நின்றான். தகப்பனார் இல்லாதவன், தாயார் கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்கிறவள். கால் முழுதும் சேறு.

"ஏன் தாமதம்?" என்றேன்.

"ராத்திரி மேக்கால மயை பேஞ்சிச்சாங்க ஐயா. ஓடையில தண்ணி வருதாம். எங்கம்மா போவாதன்னுச்சி. நான் சுத்திக்கினு வந்தேன்."

அவன் கொண்டு வந்த சேதி என் காதிலேயே விழவில்லை. என் காதிலே விழுந்தது ஓர் எழுத்துத்தான்.

"மயையா, மழையா?" என்றேன்.

"மயைங்க ஐயா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு உற்சாகம் பிறந்து விட்டது. பத்து முறை "மழை" என்று சொல்லச் சொன்னேன். பத்து முறையும் "மயை" என்றே வந்தது. "தமிழுக்கே சிறப்பான எழுத்து, அது உன் வாயில் வர மாட்டேன் என்கிறது. நீ பேசுவதெல்லாம் ஒரு பாஷையா?" என்றேன். அத்துடன் நில்லாமல், கிரேக்கர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன் என்று ஞாபகம்.

பையன் தலையைக் குனிந்து கொண்டே ஒரு கேள்வி கேட்டான்: "அப்ப நாங்க பேசறது தமிழ் இல்லீங்களா ஐயா?"

"உட்கார்" என்றேன். வேறு பதில் சொல்லவில்லை.

அன்று மாலை ஓடையின் தரைப்பாலத்துக்கு மேலே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடிற்று. அக்கரை போக வேண்டிய நான் இக்கரையில் குடையைப் பிடித்துக் கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். "ஓடையில தண்ணி வருதாம்" என்று காலையில் ஒருவன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆயினும், நான் செய்தது இன்னதென்று முழுவதும் விளங்குவதற்குத் தென் அமெரிக்கா வரையில் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் சிநேகிதர் ஒருவர் கெச்சுவா பாஷையின் இலக்கணம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். ஆண்டீஸ் மலைத் தொடரில், பெரு, பொலிவியா, எக்குவடோர் முதலிய தேசங்களில் வழங்கும் பாஷை அது. இன்கா மன்னர்களின் ராஜ்யத்தில் பெருவழக்காய் இருந்தது. இன்றைக்கும் எழுபது, எண்பது லட்சம் பேர் பேசுகிறார்களாம். (இந்த "ஆம்" மேல் நேயர்கள் ஒரு கண் வைத்திருக்க வேண்டும், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.) அந்த ஜனங்கள் தங்கள் பாஷையை "ருனா சிமி" என்கிறார்கள். ருனா என்றால் மனிதர். சிமி என்றால் வாய். ஆக, "மனிதர் வாய்" என்று பெயர். நாம் "வாய்மொழி" என்பதை ஒரு படி சுருக்கி விட்டார்கள். இன்காக்களிடம் எழுத்து இருந்ததில்லை. கயிறுகளில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். எழுத்தில்லாத மலை ஜனங்களின் பேச்சில் அப்படி என்ன இலக்கணம் இருந்து விடப் போகிறது என்ற அலட்சியத்தோடுதான் புஸ்தகத்தைத் திறந்தேன்.

முதல் அதிசயம் வீட்டிலேயே ஆரம்பமாயிற்று. கெச்சுவாவில் "வசி" என்றால் வீடு. "வசிகுனா" என்றால் வீடுகள். "வசிகுனாபி" என்றால் வீடுகளில். வீடு, கள், இல் என்று நாம் ஒன்றன் பின் ஒன்றாய்ச் செங்கல் அடுக்குவது போலவே அவர்களும் அடுக்குகிறார்கள். எந்தச் செங்கலையும் தனியே எடுத்துக் காட்டலாம். நடுவே "ய்" என்று ஒன்றைச் செருகி "வசிய்குனாபி" என்றால் "என் வீடுகளில்" என்று ஆகி விடும். கிரேக்கத்தின் வழி வேறு. அங்கே "ஓய்கோஸ்" வீடு; "ஓய்கூ" வீட்டினது; "ஓய்கோன்" வீடுகளினது. கடைசிச் சொல்லில் "கள்" எங்கே, "இனது" எங்கே என்று கேட்டால் பிரித்துக் காட்ட முடியாது. பாலில் கரைந்த சர்க்கரை அது. இரண்டிலும் சொல்ல வந்தது குறைவின்றிச் சொல்லப்படுகிறது. ஒருவர் அடுக்கிக் கட்டுகிறார். மற்றவர் உருக்கி வார்க்கிறார். இதில் உயர்வு எது, தாழ்வு எது? வினைச் சொல்லைக் கடைசியில் வைப்பதிலும் கெச்சுவா நம்மைப் போலத்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். "வசி என்றால் வீடா? அது நாம் வசிக்கும் இடமல்லவா! ஆகையால் தமிழன்தான் பெரு தேசத்துக்குப் போய்க் குடியேறினான்!" என்று புறப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. "வசி" என்பதோ வடமொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் தென்னாட்டு மொழிகளை ஒரே குடும்பம் என்று நிலைநாட்டியது இரண்டொரு சொல்லின் சாயலைக் கொண்டல்ல; எத்தனையோ சொற்களிலும் விகுதிகளிலும் ஒழுங்காய்த் தொடர்ந்து வரும் ஒற்றுமையைக் கொண்டுதான். கெச்சுவாவுக்கும் தமிழுக்கும் அப்படிப்பட்ட உறவு ஏதும் கண்டறியப்படவில்லை. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு கொத்தனார்கள் ஒரே மாதிரிச் சுவர் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உறவு கொண்டாடி நாம் பெருமை அடைய வேண்டிய அவசியமில்லை. அந்தச் சுவரைப் பார்த்து நம் சுவரை இன்னும் நன்றாகத் தெரிந்து கொண்டால் போதும்.

பக்கங்களைப் புரட்டிக் கொண்டே போனேன். ஓரிடத்தில் மழை பெய்தது.

கூஸ்கோ நகரத்துப் பக்கத்தில் வழங்கும் கெச்சுவாவில் "பாராஷன்மி" என்று சொன்னால் மழை பெய்கிறது, நானே பார்த்தேன் என்று பொருள். "பாராஷன்சி" என்றால் பெய்கிறதாம், பிறர் சொல்லக் கேட்டேன். "பாராஷன்ச்சா" என்றால் பெய்கிறது போலும், என் ஊகம். மி, சி, ச்சா என்னும் மூன்று சிற்றொட்டுக்கள், கண்டதையும் கேட்டதையும் கருதியதையும் மூன்று பாத்திரங்களில் பிரித்து வைத்து விடுகின்றன. ஒரு சேதியைச் சொல்லும் போதே, அது எப்படித் தனக்குத் தெரிய வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது அந்த ஜனங்களுக்கு இயல்பாக இருக்கிறது. கிரேக்கத்தில் இதைச் சொல்லவே முடியாது என்பதில்லை. ஆனால் "என்கிறார்கள்" என்று வேறொரு வினைச் சொல்லைத் துணைக்கு அழைத்து வர வேண்டும். கேள்வியால் அறிந்ததைக் காட்ட ஓர் ஒட்டு அவர்களிடம் கிடையாது.

நம்மிடம் இருக்கிறது. அந்த ஒட்டுக்குப் பெயர் "ஆம்".

புஸ்தகத்தை மூடினேன். "மேக்கால மயை பேஞ்சிச்சாங்க ஐயா. ஓடையில தண்ணி வருதாம்." அந்தப் பையன் மழையைக் கண்ணால் பார்க்கவில்லை, ஓடைக்கும் போகவில்லை. ஆகையால் அவன் "பேஞ்சிச்சு" என்று சொல்லவில்லை. "வருது" என்று சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் "ஆம்" போட்டான். ஆனால் தாயார் அவனிடம் நேரில் சொன்னாள். அங்கே "போவாதன்னுச்சி" என்றான். தான் சுற்றிக் கொண்டு வந்தது தன் கால் அறிந்த விஷயம். "வந்தேன்" என்று முடித்தான். மூச்சிறைக்க நின்ற நிலையிலும் கேட்டதையும் அறிந்ததையும் கலக்காமல் சாட்சி சொல்லியிருக்கிறான்! கோர்ட்டிலே எத்தனை பெரிய மனிதர்களுக்கு இது வருகிறது? நானோ ஓர் எழுத்துக்காகச் சிரித்து, ஒரு முழு இலக்கணத்தையும் கோட்டை விட்டேன்.

அந்த எழுத்தின் விஷயம்தான் என்ன? நான் போற்றும் கிரேக்கத்தையே எடுத்துக் கொள்வோம். பழங்காலத்தில் தனித்தனியாக ஒலித்த நான்கைந்து உயிர் ஒலிகள் இன்றைய ஆதென்ஸ் நகரத்தார் வாயில் ஒரே "இ" ஆகி விட்டன. எழுத்திலே வேற்றுமை, ஒலியிலே ஒன்று. "ஹோமரின் உயிரெழுத்துக்களைத் தொலைத்தவர்கள்" என்று யாராவது அவர்களை வாசற்படியில் நிறுத்திச் சிரிக்கிறார்களா? பாஷை மாறுகிறது என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ழகரம் யகரமானால் மட்டும் அது நாக்கின் குற்றமாம்!

அதன் பிறகு இரண்டு பாஷைகளின் சரித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிரேக்கர்கள் தங்களைத் தவிர மற்றவர் பேசுவதெல்லாம் "பர், பர்" என்று காதில் விழுவதாகச் சொல்லி, அன்னியரை "பார்பரோஸ்" என்றார்கள். காட்டுமிராண்டி என்பதற்கு ஐரோப்பிய பாஷைகளில் வழங்கும் சொல் அதிலிருந்து பிறந்ததுதான். பெரு தேசத்துக்கு வந்த ஸ்பானியர் பலருக்கும் கெச்சுவாவின் மேல் இதே எண்ணம். ஆனால் தோமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்னும் பாதிரியார் 1560-இல் ஸ்பெயினில் அதற்கு ஓர் இலக்கணம் அச்சிட்டார். லத்தீனைப் போலவும் ஸ்பானிய பாஷையைப் போலவும் விதிக்குக் கட்டுப்பட்ட பாஷை இது என்று வாதாடினார். தமிழ் எழுத்தில் "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் அச்சானது 1578-இல்; கெச்சுவாவும் சேர்ந்த முதல் நூல் லிமா நகரத்தில் அச்சானது 1584-இல். அச்சு யந்திரத்தின் கணக்கில் ஆறே வருஷந்தான் வித்தியாசம்.

பிறகு வந்தது துன்ப காலம். இரண்டாம் தூப்பாக் அமாரு ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, 1781-இல் கூஸ்கோவில் கொல்லப்பட்டார். அவருடைய உயிரோடு விடவில்லை. ஜனங்களின் உடையையும் நாடகத்தையும் பாஷையையும் ஒழிக்கும்படி உத்தரவு பிறந்தது. உத்தரவு முழுவதும் பலிக்கவில்லை. ஆனால் வெட்கம் பலித்தது. சொந்தப் பேச்சைப் பள்ளிக்கூடத்து வாசலில் கழற்றி வைத்து விட்டு உள்ளே போகும் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாய் வந்தார்கள். 1975-ஆம் வருஷம் மே மாதத்தில்தான் பெரு அரசாங்கம் கெச்சுவாவை ஆட்சி பாஷைகளில் ஒன்றாக ஏற்றது.

கிரேக்கத்துக்கு இந்தக் கதி நேர்ந்திருக்காது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கிரேக்க தேசத்திலேயே, கற்றவர்கள் பண்டைய நடையைப் பார்த்துச் செய்து கொண்ட சுத்தக் கிரேக்கம் ஒன்று, ஜனங்கள் வீட்டில் பேசும் கிரேக்கம் ஒன்று என்று இரண்டு இருந்தன. 1901-இல் சுவிசேஷத்தைப் பேச்சுக் கிரேக்கத்தில் பெயர்த்து ஒரு பத்திரிகை வெளியிட்டபோது ஆதென்ஸில் கலகம் மூண்டு எட்டுப் பேர் மாண்டார்கள். வீட்டுப் பேச்சுக்குக் கிரேக்கப் பள்ளிக்கூடங்களில் உறுதியாக இடம் கிடைத்தது 1976-இல். ஒன்று உலகமே வணங்கும் பாஷை. மற்றது உலகம் அறியாத பாஷை. இரண்டிலும் குழந்தையின் வாய்ப் பேச்சுக்கு மரியாதை கிடைத்தது அடுத்தடுத்த வருஷத்தில்! அப்படியானால் உயர்வும் தாழ்வும் பாஷையில் இல்லை. அவை வாசற்படியில் நின்று "மயையா, மழையா?" என்று கேட்கும் என் போன்றவர்களிடம் இருக்கின்றன.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அந்தப் பையனின் கேள்வி.

கிரேக்கத்தில் "ஹேமெய்ஸ்" என்று ஒரே சொல். கேட்கிறவனைச் சேர்த்துச் சொன்னாலும் அதுதான். அவனை ஒதுக்கிச் சொன்னாலும் அதுதான். கெச்சுவாவில் அப்படியில்லை. "ஞொக்காஞ்சிக்" என்றால் நாம், உங்களையும் சேர்த்து. "ஞொக்காய்க்கு" என்றால் நாங்கள், நீங்கள் நீங்கலாக. தமிழிலும் இந்த வேற்றுமை உண்டு என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதன் அருமை கூடுதலாகவே தெரியும். 1954-இல் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் பிரதிநிதிகள் கூடி, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். அதற்கு முன்பு எல்லைக்கு அப்பால் இருந்தவர்களிடம் "நாங்கள்" என்று பேசிக் கொண்டிருந்த ஒரு ஜனசமூகம், அன்றைக்கு "நாம்" என்று பேசத் துணிந்தது. ஓர் ஒட்டுச் சொல்லில் ஒரு தேசமே அடங்கும்.

"நாங்க பேசறது தமிழ் இல்லீங்களா ஐயா?" என்று பையன் கேட்டான். "நாம" என்று அவன் கேட்கவில்லை. தமிழ் உபாத்தியாயரான என்னைத் தன் தமிழுக்கு வெளியே நிறுத்தி விட்டுக் கேட்டான். அவனை வெளியே நிறுத்தியது நான்தானே? அவன் பிரயோகத்தில் இம்மியளவும் பிழை இல்லை.

"அப்படியானால் ழகரத்தைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அவசியம் கொடுக்க வேண்டும். ஒரே "இ" என்று ஒலித்தாலும் கிரேக்கச் சிறுவன் பழைய எழுத்துக்களைக் கற்றுத்தான் எழுதுகிறான். திருக்கனூரானும் திருநெல்வேலியானும் யாழ்ப்பாணத்தானும் ஒருவரையொருவர் படிக்க வேண்டுமானால் பொதுவான எழுத்துத் தமிழ் வேண்டும். கூலிக்காரத் தாயாரின் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைப்பதும் அதனால்தான். அதை அவனுக்குக் கொடாமல் விடுவது இன்னொரு அநியாயம். ஆனால், புதுச் சட்டை கொடுக்கிறவன் பழைய சட்டையைக் கிழித்து விட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி எங்கே இருக்கிறது?

ஒரு மாதம் கழித்து, கார்த்திகையில் ஒரு நாள், கடைசி வகுப்பில் கரும்பலகையில் மூன்று வாக்கியங்கள் எழுதினேன்: மழை பெய்கிறது, மழை பெய்கிறதாம், மழை பெய்யும் போலும். மூன்றுக்கும் வித்தியாசத்தைக் கேட்டேன். பிறகு ஐப்பசி மாதத்தில் ஒரு மாணவன் சொன்ன வாக்கியத்தை, அவன் சொன்னபடியே, மயையும் உட்பட எழுதி, அதன் இலக்கணத்தை விளக்கினேன். "அன்றைக்கு இந்த வகுப்பில் பேசப்பட்டவற்றுள் பிழையில்லாதது இதுதான். பிழையாய்ப் பேசினவன் நான். ஒரு கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நாம் பேசுவது தமிழ்தான்" என்றேன். வகுப்பு சிரிக்கவில்லை. பையன் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு மாதத்துக் கடனை ஒரு நாளில் தீர்த்து விட முடியுமா?

மணி அடித்தது. வெளியே மேற்கு வானம் கறுத்துக் கொண்டிருந்தது. படியிறங்கிக் கொண்டிருந்த அவனிடம், "என்னப்பா, மழை வருமா?" என்று கேட்டேன்.

அவன் வானத்தைப் பார்த்தான். ஊகத்துக்கு உரிய மூன்றாவது வடிவத்திலே, அளந்து, பதில் சொன்னான்: "வரும் போல கீதுங்க ஐயா." இரண்டு படி இறங்கினான், பிறகு திரும்பி நின்றான்.

"நாம சீக்கிரமா போயிட்லாங்களா ஐயா? ஓடையில தண்ணி வந்துடும்."

குடையை எடுத்துக் கொண்டு கிளம்பினேன்.